தோளைக் கட்டிப் போடாதீர்கள்

“முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கை ஐயா இது. இப்போது வலது தோளில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொண்டை போட முடியவில்லை. சாமி மேடையில் விளக்கு வைக்கக் கை எட்டவில்லை. அசைக்காமல் வைத்தால் சரியாகும் என்று மூன்று மாதமாகத் துண்டால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வலி குறைந்தபாடில்லை” என்று பகாங்கிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார்.

அம்மா, டாக்டர் கட்டச் சொல்லவில்லையென்றால் முதலில் அந்தத் துண்டை அவிழ்த்து விடுங்கள்.

மூட்டில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் வலிக்கும். வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிவிடும், தசையும் மெலியும். பிறகு சற்று அசைத்தாலும் முன்னைவிட அதிகம் வலிக்கும். தேய்ந்தது பயிற்சியால் வளராது என்பது உண்மைதான். ஆனால் இருக்கும் அசைவைக் காப்பாற்றலாம். இழந்ததில் கொஞ்சம் மீட்கவும் முடியும்.

முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பதினைந்து நிமிடம் தோளில் போடுங்கள். நீரிழிவால் தோல் மரத்திருப்பவர்களுக்குச் சூடு தெரியாது; வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்கட்டும். பின்பு இவற்றைச் செய்யுங்கள்.

1. ஊசல் பயிற்சி: தோளைப் பற்றி 1934-இல் நூல் எழுதிய அமெரிக்க மருத்துவர் காட்மனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பயிற்சி இது. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டுங்கள். கை தானாக ஆடும். முன்னும் பின்னும் பத்து முறை, பக்கவாட்டில் பத்து முறை.

2. சுவரேறும் விரல்கள்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு நடப்பதுபோல் மேலே நகர்த்துங்கள். எட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். ஐந்து முறை போதும்.

3. குடைப் பயிற்சி: மல்லாந்து படுத்து, மடக்கிய குடையை இரு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டு செல்லுங்கள். நல்ல கை தூக்கட்டும். மற்றது துணைக்குப் போகட்டும். பத்து முறை.

காலையும் மாலையும் செய்யுங்கள். இழுப்பது போன்ற வலி இருக்கலாம்; குத்தும் வலி கூடாது. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்தும் வலி தங்கினால், மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். வீம்புக்குச் செய்யாதீர்கள். முடிந்தால் டாக்டரிடம் கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெராபி பகுதியில் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. விழுந்தபின் கை தூக்க முடியாமற் போனாலும், காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, தோளுக்குப் பரவும் வலி இருதய நோயாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம், சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மா, இன்றே சுவரில் முதல் கோட்டைப் போடுங்கள். ஒரு வாரத்தில் அது ஏறாவிட்டால் மனம் தளர வேண்டாம். மாதக் கணக்கில் பாருங்கள். அந்தக் கோடு எங்கே நிற்கிறது, சாமி விளக்குக்குக் கை எட்டியதா என்று மறக்காமல் எழுதுங்கள்.