பத்திரிகை அடிக்கிற படிப்பு இல்லை மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். எதிர் வரிசையில் இருந்து மாப்பிள்ளை முறை ஆகிற ஒருத்தர் சத்தமாகக் கேட்கிறார்: "ஏன் மாமா, உங்க பொண்ணு மெட்ராஸ்ல பிரிண்டிங் படிக்குதாமே? அதுக்கு எதுக்கு நாலு வருஷம்? சிவகாசியில விட்டிருந்தா ஆறு மாசத்துல கத்துக்கிட்டு கல்யாணப் பத்திரிகை அடிச்சுச் சம்பாதிச்சிருக்குமே!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னவள் பிளஸ் டூ முடித்து, சென்னை கவின் கலைக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்து மூணாவது வருஷம் நடக்கிறது. இத்தனை நாளும் கேட்டவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர் டிசைன்" என்று பொய் சொல்லித் திரிந்தவன் நான்தான். கேலி செய்த மாப்பிள்ளையைவிட நான் பெரிய யோக்கியன் இல்லை.

அந்தப் படிப்பின் பேர் பிரிண்ட்மேக்கிங். பதிப்போவியம் என்கிறார்கள். சிவகாசிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரெல்லாம் அவர்கள் தயவுதான். ஆனால் அங்கே படம் ஒருத்தர் போட்டது, மிஷின் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும். இங்கே படமும் இவளே போடணும், கட்டையும் இவளே செதுக்கணும், மை தடவி ஒவ்வொரு தாளாகக் கையால் எடுப்பதும் இவளே.

ஒரு லீவுக்கு வந்தபோது லினோலியம் துண்டும் உளியும் கொண்டுவந்தாள். இதென்ன பிரமாதம் என்று நான் வாங்கி "ஏர்" என்று செதுக்கினேன். மை உருட்டி ஒற்றி எடுத்தால் எழுத்து கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நிற்கிறது. "அப்பா, எல்லாத்தையும் திருப்பி யோசிக்கணும். செதுக்கி எடுத்த இடம்தான் வெள்ளை, விட்ட இடம்தான் கறுப்பு" என்றாள். ரெண்டே எழுத்து. எனக்கு அரை நாள் போச்சு, இடது கட்டை விரலில் ரத்தம் வேறு.

எட்சிங் என்று ஒன்று இருக்கிறது. துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் பூச்சை மட்டும் கீறி வரைய வேண்டும். பிறகு அமிலத்தில் போட்டால் கீறின இடத்தை மட்டும் அரிக்கும். கூட நேரம் விட்டால் கோடு ஆழமாகும், கறுப்பு கூடும். மறந்துவிட்டால், மடை அடைக்க மறந்த வயல் கதைதான். அப்புறம் பள்ளத்தில் மை ஏற்றி, மேலே இருப்பதைத் துணியால் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளைக்கு நடுவில் விட வேண்டும். பத்து தாள் எடுத்தால் 1/10, 2/10 என்று பென்சிலில் நம்பர் போட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதையா ஜெராக்ஸ் என்கிறீர்கள்?

அச்சு என்ன நமக்குப் புதுசா? என் தாத்தா ஒரு பண்ணையில் களத்துக் காவல். தூற்றிய நெல்லை அம்பாரமாகக் குவித்ததும் அதன்மேல் மரமுத்திரை குத்துவார்கள். ராத்திரியில் ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். உழுதவன், அறுத்தவன் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த அச்சு. அந்தக் கட்டை எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைக்கு என் மகள் கட்டை செதுக்குகிறாள் என்றால் சிரிக்கிறீர்கள்.

போனில் அவள் ஒரு படம் காட்டினாள். கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் அம்மா 1902 முதல் 1908 வரை போட்ட "விவசாயிகள் போர்" என்ற ஏழு படங்களில் ஒன்று. மாட்டுக்குப் பதில் மனுஷர்களே ஏர் இழுக்கிறார்கள், உடம்பு கிட்டத்தட்டத் தரையோடு சாய்ந்து கிடக்கிறது. அந்தத் தோள்பட்டையைப் பார்த்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நம் நாட்டிலேயே சித்தோபிரசாத் இருந்தார். 1943 வங்காளப் பஞ்சத்தை ஊர் ஊராக நடந்து வரைந்தார். அந்தப் புத்தகத்தை வெள்ளைக்காரன் பறிமுதல் பண்ணி எரித்தான். அதற்கப்புறமும் அவர் லினோவில் ஏழை பாழைகளைச் செதுக்கிக்கொண்டேதான் இருந்தார். படம் பணக்காரன் வீட்டுச் சுவரோடு நின்றுவிடாமல் பத்துப் பேர் கைக்குப் போகணும் என்று நினைத்தவர்கள் பிடித்த கலை இது. சித்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி பாரிஸுக்குப் போய், ஒரே தகட்டில் பல நிறத்தை ஒரே தடவையில் எடுக்கும் முறையை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். அவர் கிராமத்திலும் யாராவது பத்திரிகை அடிக்கப் போகச் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

"வேலை கிடைக்குமா?" என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிடைக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் நம் தெருவில் நிலத்தை அடகு வைத்துப் பொறியியல் படிக்க வைத்த நாலு பையன்களில் ரெண்டு பேர் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்களை ஏன் எந்தப் பந்தியிலும் வைத்துச் சிரிக்கவில்லை? கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது அங்கிருந்தவரும் "ஆஃப்செட் கோர்ஸா?" என்றுதான் கேட்டார். கடன் வரவில்லை. ரெண்டு பசு போனது.

என் கவலை வேறு. பெயிண்டிங் படித்தவள் திண்ணையில் உட்கார்ந்துகூட வரைந்துவிடலாம். எட்சிங்குக்கு அந்த உருளை பிரஸ் வேண்டும், அமிலத் தொட்டி வேண்டும், புகை போக வழி வேண்டும். கல்லூரி வாசலைத் தாண்டினால் அதெல்லாம் எங்கே? லலித் கலா அகாடமி கூடம் இருப்பது சென்னையில். நம் தாலுகாவில் ஆஃப்செட் பிரஸ் நாலு இருக்கிறது, எட்சிங் பிரஸ் ஒன்றுகூட இல்லை. உழவர்களுக்கு வாடகை டிராக்டர் விடுகிற அரசாங்கம், மாவட்டத்துக்கு ஒரு பிரஸ் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால் என்ன? ஒரு அறுவடை மிஷின் விலையில் எத்தனை பிரஸ் வாங்கலாம்! கிராம சபையில் கேட்கத்தான் போகிறேன். சிரிக்கிறவர்கள் அங்கேயும் வந்து சிரிக்கலாம்.

பொங்கலுக்கு வரும்போது மரக்கட்டையில் செதுக்கிய படம் ஒன்று கொண்டுவருகிறாளாம். முத்திரை குத்தின அம்பாரம், பக்கத்தில் போர்வையோடு குந்தியிருக்கிற காவல்காரக் கிழவர். அதில் ஒன்றைக் காதுகுத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று போனில் கேட்டேன்.

"பத்துதான்ப்பா எடுத்தேன், நம்பர் போட்டாச்சு. காசு கொடுத்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றுவிட்டாள்.