மீன் மாத்திரை சாப்பிட்டால் தொப்பை குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

அவிநாசி, திருப்பூர் பக்கம் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் அந்த பாட்டிலைப் பார்க்கலாம். தேன் நிறத்தில் பளபளக்கும் 'ஒமேகா-3' மாத்திரை. சின்ன வயதில் வீட்டில் கொடுத்த 'மீன் மாத்திரை'யின் புது அவதாரம் போல, 'தொப்பை குறையும், சுகர் கட்டுப்படும்' என்ற பேச்சோடு ஜிம் பைக்குள்ளும் ஆபீஸ் டிராயருக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு பாட்டில் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டுகிறது. வாரச் சம்பளக்காரருக்கு இது சின்னத் தொகை இல்லை. கொடுத்த காசுக்கு அது என்ன செய்யும்?

பனியன் ஊருக்கு இது ஏன் முக்கியம்?

பவர் டேபிளில் தைப்பவர், கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் இருவருக்கும் வேலை உட்கார்ந்தபடிதான். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க இரவாகிவிடும். நடுவில் டீ, பன், வடை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 40.4% பெண்களும் 37% ஆண்களும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்களில் 39.5% பேருக்குத் தொப்பை இருந்தது. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4%.

எலிக்குக் குறைந்தது, மனிதருக்கு?

2015இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனியோடு மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். எண்ணெய் கிடைக்காத எலிகளைவிட அவற்றுக்கு எடை 5 முதல் 10%, கொழுப்பு 15 முதல் 25% குறைவாகவே ஏறியது. கொழுப்பைச் சேமிக்கும் செல்கள், கொழுப்பை எரிக்கும் செல்களாக மாறத் தொடங்கியதுதான் காரணம் என்றார்கள். ரீல்ஸில் வரும் 'ஃபேட் பர்னர்' பேச்சுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் பிடிமானம்.

மனிதர்களிடம் அந்த அளவுக்குப் பலன் வரவில்லை. சில சிறிய ஆய்வுகளில் லேசான மாற்றம் தெரிந்தாலும், பெரிய தொகுப்பாய்வுகளில் உடல் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சர்க்கரையிலும் இதே கதைதான். 83 ஆய்வுகளில் இருந்த சுமார் 1.2 லட்சம் பேரின் தரவுகளை அலசிய கட்டுரை ஒன்று 2019இல் பிஎம்ஜே இதழில் வந்தது. ஒமேகா-3 மாத்திரையால் சர்க்கரை நோயைத் தடுப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும் பலன் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை என்பதுதான் அதன் முடிவு.

அப்போ எதற்குமே உதவாதா?

உதவும். ட்ரைகிளிசரைடுக்கு. அரிசி, மைதா, சர்க்கரை, மது அதிகமாகும்போது கல்லீரல் அதையெல்லாம் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்தக் கொழுப்புதான் ட்ரைகிளிசரைடு. கல்லீரல் அதை அனுப்பும் அளவை ஒமேகா-3 குறைக்கிறது. ஆனால் அளவு முக்கியம்: மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஒமேகா-3 மருந்து தினம் 4 கிராம் எடுத்தால் சுமார் 20 முதல் 30% குறையும்.

இப்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் '1000 மி.கி. மீன் எண்ணெய்' என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் வழக்கமாக ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி. என்று பொடி எழுத்தில் இருக்கும். வேலை செய்யும் ஒமேகா-3 இந்த 300 மி.கி. மட்டும்தான், மீதி வேறு கொழுப்பு. 4 கிராம் வேண்டுமென்றால் தினம் 13 மாத்திரை. அதில் மட்டும் 117 கலோரி. தொப்பை குறைக்க எடுத்த மாத்திரை, தினம் மூன்று டீஸ்பூன் எண்ணெய் குடித்த கணக்கில் போய் நிற்கும்!

இதயத்துக்கு?

சர்க்கரை நோயுள்ள 15,480 பேரிடம் சராசரியாக ஏழாண்டுக்கும் மேல் நடந்த 'அசெண்ட்' ஆய்வில் (2018), தினம் 1 கிராம் மாத்திரையால் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. அதே ஆண்டில் வந்த 'ரெட்யூஸ்-இட்' ஆய்வில், சுத்திகரித்த ஈ.பி.ஏ. மருந்தை 4 கிராம் எடுத்தவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 25% குறைந்தன. ஆனால் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் கலந்த மருந்தை அதே அளவில் கொடுத்த 'ஸ்ட்ரெங்த்' ஆய்வில் (2020) பலன் இல்லை. இந்த இரண்டு ஆய்வுகளிலும் இதயத் துடிப்பு சீர்கெடும் பிரச்சினை கூடியது. அதனால் அதிக அளவை நாமாகவே ட்ரை பண்ணக் கூடாது.

மாத்திரையா, மத்தியா?

சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் தீபா மோகன் முதன்மை ஆசிரியராக இருந்த ஓர் ஆய்வு 2021இல் வந்தது. 58 நாடுகளில் சுமார் 1.9 லட்சம் பேர். ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ளவர்களில், வாரம் 175 கிராமாவது மீன் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 16% குறைவாக இருந்தன. கொழுப்பு மீன்களில்தான் இந்தப் பலன் தெரிந்தது. நோய் இல்லாதவர்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. இது கண்காணிப்பு ஆய்வு. மீன்தான் காரணம் என்று அடித்துச் சொல்லாது. ஆனாலும் மீனில் புரதமும் சேர்ந்து வருகிறது, தட்டில் இன்னொரு கரண்டி சோற்றின் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது.

கடல் இல்லாத அவிநாசிக்கும் ஐஸ் பெட்டியில் கடல் மீன் வருகிறது. விலை அதிகமான வஞ்சிரம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஒமேகா-3 நிறைய இருப்பது மத்தி, அயிலை, நெத்திலியில். அணை மீன்களான ரோகு, கட்லா, ஜிலேபியில் புரதம் உண்டு, ஒமேகா-3 குறைவு. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சைவம் என்றால் ஆளி விதை, வால்நட் நல்லதுதான். ஆனால் அவற்றிலுள்ள ஒமேகா-3இல் சிறு பங்கு மட்டுமே ஈ.பி.ஏ.வாக மாறும்.

யாருக்கு எச்சரிக்கை?

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். பழைய 'மீன் மாத்திரை' காட் மீனின் கல்லீரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, மீன் மாத்திரையை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது?

இந்த ஊரில் இன்ச் டேப்புக்குப் பஞ்சமில்லை. இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் தொப்பை என்று கணக்கு. சர்க்கரையோடு லிப்பிட் ப்ரொஃபைலும் டெஸ்ட் எடுங்கள், ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அங்கே கேளுங்கள். ட்ரைகிளிசரைடு அதிகம் என்றால் மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். இல்லையென்றால், பாட்டிலுக்கு வைத்திருந்த காசில் ஞாயிற்றுக்கிழமை மத்தி வாங்கலாம்.