தரைக்கு எந்த மரம்?

சீமெந்துத் தரைக்குச் சிவப்புப் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் வழுவழுப்பான ஓடுகள் வந்தன. இப்பொழுது அவ்வோடுகளும் நம்மவர்க்கு அலுத்துவிட்டன போலும். கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் வீடு கட்டுவோர் பலர், மாடியறைக்கேனும் மரப்பலகை பரப்ப வேண்டுமென ஆசைப்படுகின்றனர். குண்டசாலைப் பக்கத்தில் வீடு கட்டும் அன்பர் ஒருவர், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கிவிட்டு, "தேக்கா, பலாவா, மகோகனியா? எது சிறந்தது?" என்று வினவியிருந்தார்.

வினா நியாயமானதே. ஆயினும் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய வினா. பலகைக்குள் எவ்வளவு ஈரம் இருக்கின்றது, பலகைக்குக் கீழே என்ன இருக்கின்றது என்பவற்றை முதலில் அறிந்த பின்னரே மரத்தின் பெயரைக் கேட்கவேண்டும். பெயரால் உயர்ந்த தேக்கும் ஈரப் பலகையாக வந்தால் இடைவெளி விட்டுப் பல்லிளிக்கும். நன்கு உலர்ந்த பலாவோ இரண்டு தலைமுறைக்கு அசையாது கிடக்கும்.

மரமானது வெட்டுண்ட பின்னும் நீரோடு கொண்ட உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை உறிஞ்சிப் பருக்கும். காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகளால் சூழப்பட்டுக் கிடக்கும் நமது நகரத்தில், மழைக்காலக் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தையும் தாண்டுவது வழக்கம். அத்தகைய காற்றிலே நெடுநாள் இருக்கும் பலகை, தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 வீதம் நீரைத் தாங்கி நிற்கும். தை, மாசி மாதங்களில் ஈரப்பதன் 65 வீதமளவுக்கு இறங்கி நிலைத்தால், அது 12 வீதமாகக் குறையும். நான்கு வீதந்தானே என்று எண்ணிவிடலாகாது. பன்னிரண்டு அடி அகலமுள்ள அறையொன்றில் தேக்குப் பலகைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கியிருப்பதாகக் கொள்வோம். இந்த நான்கு வீத மாற்றத்தால் அப்பலகைகள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய ஓரங்குலம் விரிந்து சுருங்கும். இத்தனைக்கும் தேக்கு, அசைவு குறைந்த மரங்களுள் ஒன்று!

மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆண்டு வளையங்களின் வழியே சுருங்குவது, அவ்வளையங்களைக் குறுக்கே கடந்து சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே, பலகையின் முனையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்குமாயின், அது அகலவாக்கில் குறைவாக அசையும், வளையாது. கோடுகள் படுத்து, வில்லைப்போல் வளைந்து கிடப்பின் அப்பலகை கிண்ணம்போல் குழிய விரும்பும். மரக்காலையில் பலகை தெரிந்தெடுக்கும்போது முகத்தின் அழகை மட்டும் பார்த்து வருபவர்களே பெரும்பாலோர். முனையைப் பார்ப்பவர் மிகச் சிலர்.

ஈரத்தை அளந்தறிய இப்பொழுது சிறிய மின்மானிகள் கிடைக்கின்றன. அது கைவசம் இல்லாதவர் சமையலறைத் தராசைக் கொண்டே காரியத்தை முடிக்கலாம். பலகையின் முனையிலன்றி நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து நிறுக்கவேண்டும். முனை எப்போதும் முந்தி உலர்ந்துவிடும். பின்னர் அத்துண்டை நூறு பாகைக்குச் சற்று மேலான வெப்பமுள்ள கேக் அடுப்பில் வைத்து, இனி எடை குறையாது என்னும் நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்கவேண்டும். 230 கிராம் 200 கிராமாகக் குறைந்ததெனில், போன நீர் 30 கிராம். அஃதாவது 15 வீதம். 12 முதல் 15 வீதம் வரை நமது ஊருக்குத் தகும். 20க்கு மேற்பட்டால், விற்பவர் என்ன சொன்னாலும் வாங்காமல் திரும்பிவிடுக. நிலை வைப்பதற்கு நல்ல நேரம் பார்க்கும் நாம், அந்த நிலைமரத்தின் ஈரத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை!

இனி, பலகைக்குக் கீழே இருப்பது. மரவேலையில் கண்டிநாடு பெற்ற பெயரை வாசகர் அறிவர். பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்திலே எழுந்த எம்பெக்கே தேவாலயத்தின் செதுக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. இராஜாதி இராஜசிங்கன் 1783இல் கட்டத் தொடங்கிய அரச மண்டபமும் அவ்வாறே. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது அங்கேதான். ஆயினும் தரைக்குப் பாடம் படிக்கவேண்டுமாயின், ஹாரிஸ்பத்துவையிலுள்ள மெதவல விகாரை போன்ற 'தம்பிட்ட' விகாரைகளுக்கே செல்லவேண்டும். குட்டையான கற்றூண்களை வரிசையாக நட்டு, அவற்றின்மேல் உத்திரமிட்டுப் பலகைத் தளம் அமைத்து, அதன்மேல் விகாரையைக் கட்டியிருக்கின்றனர். பலகை மண்ணைத் தொடுவதே இல்லை. அடியிலே காற்று தடையின்றி உலவும். கறையான் ஏறினாலும் கல்லின்மேல் அதன் மண்பாதை கண்ணுக்குத் தெரிந்துவிடும். நெல் சேமிக்கும் பழைய அட்டுவக் களஞ்சியங்களும் இம்முறையிலேயே நின்றன. ஈரநாட்டில் மரத்தளத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடையாது.

நமது வீடுகளோ பெரும்பாலும் மலைச்சரிவை வெட்டி எழுப்பப்பட்டவை. முன்பக்கம் இரண்டு மாடி. பின்பக்கச் சுவர் மண்ணோடு மண்ணாக ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் அச்சுவர் கசிவதைப் பேராதனை, அம்பிட்டிய, ஹந்தானைப் பகுதி வீட்டாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அத்தகைய கீழறையில் எம்மரமும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஐயமிருப்பின், சீமெந்துத் தரையின்மேல் மூன்றடிச் சதுரப் பொலித்தீன் தாள் ஒன்றை விரித்து, நான்கு ஓரங்களையும் பட்டியால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்துக்கள் அரும்பியிருந்தாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ அத்தரை மூச்சுவிடுகின்றது என்று பொருள். அதன்மேல் பலகை அடிப்பது பணத்தை அழிப்பதேயாகும். மாடியறைக்கு இவ்வச்சம் இல்லை. குளிர்ந்த காலையில் வெறுங்காலோடு நடக்கும் முதியோர்க்கும், தவழும் குழந்தைக்கும் மரத்தளம் தரும் இதத்தை ஓடு தராது. மரம் உடற்சூட்டை மெதுவாகவே கடத்துகின்றது என்பதே அதன் காரணம்.

இப்போது அன்பரின் வினாவுக்கு வருவோம். தேக்கு இந்நாட்டுக்கு உரிய மரமன்று; ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. அதிலுள்ள எண்ணெய்ப்பசை கறையானையும் ஈரத்தையும் தடுக்கும். ஆனால் இளந்தேக்கின் வெளிற்றுப் பகுதிக்கு அக்குணம் இல்லை. வைரத்தைக் கேட்டு வாங்கவேண்டும். விலையும் கொஞ்சமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மகோகனி நிறத்தால் கவர்வது, அசைவும் குறைவு. ஆயினும் சற்று மென்மையானது. நாற்காலி இழுபடும் கூடத்துக்கன்றிப் படுக்கையறைக்கே அது ஏற்றது. முதிரையின் பொன்னிறத்துக்கும் வன்மைக்கும் ஈடில்லை. பாலையோ நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனத்தது. தச்சருடைய உளியைச் சோதிப்பது. எனினும் இவ்விரண்டும் வறண்ட பிரதேசக் காடுகளில் மெல்ல வளர்பவை. களவாக வெட்டிய முதிரை பிடிபட்ட செய்தியை அவ்வப்போது பத்திரிகையில் வாசிக்கின்றோம். அனுமதிப் பத்திரம் காட்டமுடியாத மரத்தை வீட்டுக்குள் பரப்பி, அதன்மேல் பிள்ளைகளை இருத்திப் படிப்பிப்பது அழகன்று.

என் மனம் பலாவையே நாடுகின்றது. வெட்டியபோது மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப்பட்டுச் செம்பழுப்பாக முதிரும் அதன் நிறம், வீட்டாரோடு தானும் வயதேறுவது போன்றது. வைரத்துக்குக் கறையான் எதிர்ப்பும் உண்டு. ஆனால் பலா உணவு மரம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நாடெங்கும் பலா நடுவித்த ஆர்தர் வி. டயஸ் அவர்களைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா' என்றே அழைத்தனர். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கின்றது. ஆதலால், காய்க்கும் மரத்தை வீழ்த்துவதினும், இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்திரம், கதவு, மாடிப்பலகை ஆகியவற்றைத் தேடி வாங்கி அறுப்பிப்பதே மேல். பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் அது. ஆணிகளைப் பிடுங்கும் கூலி மட்டும் மிகுதி; பிடுங்காது விட்டால் மர ஆலைக்காரர் வாளைக் காட்டிச் சண்டைக்கு வருவார்.

தென்னம்பலகை, மூங்கில் தளம் என்பனவும் இப்போது பேசப்படுகின்றன. உள்ளே வைரமுடையது மரம், வெளியே வைரமுடையது புல் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்த பாகுபாடு இங்கே கைகொடுக்கின்றது. தென்னையும் மூங்கிலும் புல்லினம். தென்னையில் வெளிவட்டத்துப் பலகை கல்லைப்போன்றது, நடுப்பகுதி சோறுபோன்றது. எப்பகுதி என்று கேளாமல் விலை பேசலாகாது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'லாமினேட்' என்பது மரத்தூளை அழுத்திய அட்டையின்மேல் ஒட்டிய மரத்தின் படமேயாகும். நீர் புகுந்தால் ஓரம் ஊதிவிடும். இழைத்துத் திருத்தவும் இயலாது. மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே நல்ல மரம் பதித்த அடுக்குப் பலகை அப்படியன்று. குறுக்கடுக்கு அசைவைக் கட்டுப்படுத்துவதால் நமது காலநிலைக்கு அது பொருந்தும். மேற்றகடு மூன்று நான்கு மில்லிமீற்றருக்குக் குறையாதிருந்தால் ஓரிரு முறை இழைக்கவும் இடமுண்டு.

மரம் எதுவாயினும், பலகைகளைப் பரப்பப்போகும் அறையிலேயே, இடையிடையே சிறு சட்டம் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் கிடக்கவிடுங்கள். தச்சர் அவசரப்படுவார், அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். பலகை பொருத்தும்போது நாற்புறச் சுவரோரத்திலும் அரையங்குல இடைவெளி விட்டு, அதனை அடிப்பலகையால் மறைக்கச் சொல்லுங்கள். அகலம் குறைந்த பலகை, மூன்று அல்லது நான்கு அங்குலம், போதும். வறண்ட மாசியில் வேலை நடந்தால் பலகைகளை இறுக்கி அடிக்கவேண்டாம். ஐப்பசி மழையில் அவை பருக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாது நீரில் நனைத்து விரித்துக் காயவிடவேண்டும். அத்துணி தானே சூடேறித் தீப்பற்றுவது உண்டு. பின்னர் தளத்தை நீரூற்றிக் கழுவாது, பிழிந்த துணியால் துடைத்து வந்தால் போதும்.