ஒரு பெயரைச் சூட்டும் முன்

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், 1971-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி இரவு, மழையும் இருளும் கலந்த வானத்தில் பறந்துகொண்டிருந்த ஓர் ஆகாய விமானத்தின் பின்புறப் படிக்கட்டை இறக்கி, இரண்டு லட்சம் டாலர் அடங்கிய பையை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்து மறைந்த மனிதன் யார் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு கடந்தும் விடை கிடைக்கவில்லை. அப்படியிருக்க, வட கரோலினா மாநிலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான இடத்தில் பழைய சாமான்களோடு கிடந்த பாராசூட் ஒன்று, எப்.பி.ஐ. என்று உலகம் அறிந்த மத்தியப் புலனாய்வு இலாகாவின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற செய்தி 2024 நவம்பரில் வெளியாயிற்று. அதைக் கொடுத்தவர்கள், காலஞ்சென்ற ரிச்சர்ட் மெக்காய் என்பவரின் மக்கள். தங்கள் தந்தையே அந்த மனிதர் என்று அவர்கள் நம்புகிறார்கள். செய்தி வந்ததுதான் தாமதம், வழக்கு தீர்ந்தேவிட்டது என்று முழங்குகிறவர்கள் பலர்; செத்துப்போன பழங்கதையை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கிறவர்கள் சிலர். இரு சாராரும் தவறு செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். அந்தப் பாராசூட்டை முறைப்படி பரிசோதித்து, முடிவு எதுவாயினும் அதை ஒளிவுமறைவின்றிப் பிரசுரிப்பது எப்.பி.ஐ.யின் கடமை, அது வரும் வரையில் மெக்காயின் பெயரை இந்தக் குற்றத்தோடு முடிச்சுப் போடாதிருப்பது பத்திரிகைகளின் கடமை.

அன்று நடந்ததை முதலில் நினைவுகூர வேண்டும். ஏனெனில், கதையாகச் சொல்லிச் சொல்லி அதிலிருந்த அச்சம் முழுவதும் தேய்ந்து, சாகசம் மட்டுமே மிஞ்சி நிற்கிறது. போர்ட்லண்டு விமான நிலையத்தில், டான் கூப்பர் என்ற பெயரில், ரொக்கம் கொடுத்துச் சியாட்டிலுக்கு ஒருவழி டிக்கெட் வாங்கிய அம்மனிதன், கறுப்பு டை கட்டிய, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, நிதானமான பேச்சுடையவன். நார்த்வெஸ்ட் ஓரியண்ட் கம்பெனியின் 305-ஆம் எண் விமானம் புறப்பட்டதும், மடித்த காகிதம் ஒன்றைப் புளோரன்ஸ் ஷாப்னர் என்ற பணிப்பெண்ணிடம் நீட்டினான். தனியே பிரயாணம் செய்யும் ஆண்கள் தொலைபேசி எண்ணை எழுதி நீட்டுவது அந்தப் பெண்களுக்குப் பழகிப்போன தொல்லையாதலால், அவர் அதைப் பிரித்துப் பாராமலே வைத்துக்கொண்டார். சீட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது, தன்னிடம் வெடிகுண்டு இருக்கிறது என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்ன பிறகே விஷயம் விளங்கிற்று. திறந்து காட்டிய கைப்பெட்டிக்குள் சிவப்பு நிறக் குழல்களும் கம்பிகளும் ஒரு பாட்டரியும் இருந்தன.

அதன் பிறகு அவன் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தவர் டீனா மக்லோ என்ற மற்றொரு பணிப்பெண், வயது இருபத்திரண்டு. பெட்டியை விட்டுக் கையை எடுக்க மனமில்லாத அவனுக்காகத் தீக்குச்சி கிழித்துச் சிகரெட்டைப் பற்றவைத்தவர் அவர். விமானியின் அறைக்கும் அவனுக்கும் இடையே சொற்களைச் சுமந்தவர் அவர். ஏதோ இயந்திரக் கோளாறு என்று மட்டும் அறிவிக்கப்பட்டிருந்த முப்பத்தாறு பிரயாணிகளும் உண்மை தெரியாமல் சியாட்டிலுக்கு மேலே இரண்டு மணி நேரம் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, உண்மையைத் தெரிந்துகொண்டு முகத்தில் காட்டாமல் இருந்தவரும் அவரே. விமானம் இறங்கியதும், வெளியே போய், அவன் கேட்டிருந்தபடி, இருபது டாலர் நோட்டுகள் பத்தாயிரம் அடங்கிய கனத்த பையைக் கொண்டுவந்தார். பிறகு அவன் கேட்ட பாராசூட்டுகள் நான்கையும் கொண்டுவந்தார். போன பெண் போனபடியே தப்பி ஓடியிருக்கலாம். திரும்பி வந்தார், பிரயாணிகள் விடுதலை பெற்றார்கள். அந்தப் பணத்திலிருந்து ஒரு கட்டை அவன் எடுத்து நீட்டியபோது, பிரயாணிகளிடமிருந்து இனாம் பெறுவது விதிக்கு விரோதம் என்று மறுத்துவிட்டார். இந்த நிகழ்ச்சியில் வீரம் என்று ஒன்றைத் தேடுவோமானால், அது இங்கே இருக்கிறது, பின்புறப் படிக்கட்டில் அல்ல என்பதை நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஆனால் உலகம் மறந்தது அந்தப் பெண்ணை. போற்றியது அந்த மனிதனை. அவனைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள், 1981-இல் திரைப்படம் எடுத்தார்கள், அவன் குதித்ததாகக் கருதப்பட்ட பிரதேசத்திலுள்ள ஏரியல் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் அவன் பெயரால் விழாக் கொண்டாடினார்கள். யாருக்கும் காயமில்லை, பணம் போனது கம்பெனிக்குத்தானே என்பது அவர்கள் சமாதானம். அடுத்த ஆண்டே பத்துக்கு மேற்பட்டவர்கள் அவனைப் பின்பற்றி விமானங்களைக் கடத்தினார்கள் என்பதையும், ஒவ்வொரு முறையும் யாரோ சில தாய்மார்களும் குழந்தைகளும் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் இந்தச் சமாதானம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பறக்கும்போது பின்புறப் படிக்கட்டு திறவாதபடி, அவன் கடத்திய ரகமான போயிங் 727 விமானங்களில் ஒரு தடுப்புத் தகடு பொருத்த வேண்டிவந்தது. 1973 ஜனவரி முதல் அமெரிக்க நிலையங்களில் ஒவ்வொரு பிரயாணியும் சோதனைக்கு உள்ளாக வேண்டிவந்தது.

அவ்வாறு பின்பற்றியவர்களில் ஒருவர்தான் ரிச்சர்ட் மெக்காய். 1972 ஏப்ரல் 7-ஆம் தேதி, யுனைடெட் கம்பெனியின் விமானம் ஒன்றைக் கடத்தி, ஐந்து லட்சம் டாலரோடு யூட்டா மாநிலத்தின் மேல் குதித்தவர். இரண்டொரு நாளில் அகப்பட்டு, நாற்பத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1974-இல் சிறையிலிருந்து தப்பி, அதே ஆண்டு நவம்பரில் எப்.பி.ஐ. உத்தியோகஸ்தர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் மாண்டவர். இரண்டு குற்றங்களின் முறையும் ஏறக்குறைய ஒன்று என்பதால் சந்தேகம் அவர்மீது விழுவது இயல்பே. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவையும் லேசானவை அல்ல. பணிப்பெண்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்த மனிதனுக்கு வயது நாற்பதுக்கு மேல். மெக்காய்க்கோ அன்று முப்பதுகூட நிரம்பவில்லை. சம்பவம் நடந்த தினத்தில் அவர் லாஸ் வேகாஸிலும், மறுநாள் தம் வீட்டிலும் இருந்தார் என்பதற்கு நம்பத்தக்க சாட்சியம் உண்டென்று கருதித்தான் எப்.பி.ஐ. அவரை முன்பு விலக்கியது. மேலும், பாராசூட்டில் குதிப்பதில் பயிற்சியும் பிரியமும் உள்ள ஒருவருடைய வீட்டில் பாராசூட் இருந்தது என்பது, தச்சர் வீட்டில் உளி இருந்தது என்பதைப் போன்றது. கடத்தல்காரன் குதித்த பாராசூட்டா, வேறொன்றா என்பதே கேள்வி. இப்போது கிடைத்ததில் செய்யப்பட்டிருக்கும் மாற்றங்கள் அலாதியானவை என்கிறார்கள். அப்படியே இருக்கலாம், ஆயினும் சொல்வது வேறு, ருசுப்படுத்துவது வேறு.

இதில் அவசரம் எவ்வளவு அநியாயத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. உலகம் அறிந்த டி. பி. கூப்பர் என்ற பெயரைக் கடத்தல்காரன் சொல்லவே இல்லை. அவன் சொன்னது டான் கூப்பர். அதே நாட்களில் போலீசார் சந்தேகத்தின் பேரில் விசாரித்து, சம்பந்தமில்லை என்று உடனே விட்டுவிட்ட வேறொரு மனிதரின் பெயர் டி. பி. கூப்பர். அவசரத்தில் ஒரு நிருபர் இரண்டையும் குழப்பிவிட, பத்திரிகைகள் அதையே எடுத்தாள, குற்றமற்ற அந்த மனிதரின் பெயர் இந்தக் குற்றத்துக்கு நிரந்தரமாக நிலைத்துவிட்டது. எங்கள் தொழில் செய்த பிழை இது என்பதால் வெட்கத்தோடு இதை எழுதுகிறோம். மெக்காய் குற்றமற்றவர் அல்லர் என்பது மெய். ஆனால் ஒரு குற்றம் ருசுவானவர்மீது மற்றொன்றை ருசுவின்றிச் சுமத்தலாம் என்று எந்த நியாய சாஸ்திரமும் சொல்லவில்லை.

பெயர்கள் மலிந்த இந்த வழக்கில் பொருள்கள்தாம் அரிது. முதல் ஐந்து ஆண்டுகளிலேயே எண்ணூறுக்கு மேற்பட்டவர்களை எப்.பி.ஐ. பரிசீலித்தது. ஆனால் கைக்கு வந்த மெய்யான பொருள் எவ்வளவு? ஆசனத்தில் கழற்றிவைத்த டை ஒன்று. 1980-இல், கொலம்பியா நதியின் மணற்கரையில் நெருப்பு மூட்டுவதற்காக மணலைச் சமன் செய்த எட்டு வயதுச் சிறுவனின் கையில் தட்டுப்பட்ட, ரப்பர் பட்டை இன்னும் சுற்றியிருந்த, ஓரங்கள் உளுத்து உருண்டுபோன நோட்டுக் கட்டுகள், 5,800 டாலர். கொடுக்கும் முன்னரே எண்களைப் படம்பிடித்து வைத்திருந்ததால், அது அந்தப் பணமே என்பதில் அணுவளவும் ஐயம் எழவில்லை. ஒரு சிறு முன்யோசனை எட்டு ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு பெரிய பலனைத் தந்தது! அதே விமானத்தில் அவன் புகைத்துப் போட்ட எட்டுச் சிகரெட் துண்டுகளோ, உமிழ்நீரைக் கொண்டு ஆளை அறியும் விஞ்ஞானம் வளர்ந்து அவை தேவைப்பட்ட காலத்தில், அகப்படவில்லை. டீனா மக்லோ பற்றவைத்த அந்தச் சிகரெட்டுகளைச் சர்க்கார் இலாகா ஒன்று பத்திரப்படுத்தத் தவறிவிட்டது. இந்த இழப்பு நம்மை வருத்துவது போல் இந்த வழக்கின் வேறெந்த அம்சமும் வருத்துவதில்லை. விடை நம் கையில் இருந்து, நம் கையாலேயே நழுவிப் போயிற்று. இன்னொரு பொருளையும் அப்படி மௌனத்தில் புதைய விடலாகாது.

குற்றவாளி உயிரோடிருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பான், தண்டிக்க ஆளில்லாத வழக்குக்கு ஜனங்களின் வரிப்பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வேறு அவசர வேலைகள் உண்டென்று சொல்லி, 2016 ஜூலையில் எப்.பி.ஐ. தீவிர விசாரணையை நிறுத்தியதையும் நாம் குறைகூற மாட்டோம். ஆனால் நிறுத்தும்போதே அந்த இலாகா ஒரு வாக்குக் கொடுத்தது. பாராசூட் பற்றியோ பணத்தைப் பற்றியோ கண்கூடான பொருள் கிடைத்தால் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம் என்பதே அது. இப்போது வந்திருப்பது யூகம் அன்று, பாராசூட். கொண்டுவந்தவர்கள் தந்தையின் பழிக்கு அஞ்சாத மக்கள். அவர்களுக்கும் ஒரு பதில் சேர வேண்டும். 1976-இல் போர்ட்லண்டு நகரின் ஜூரிகள், காலவரம்பு தீருவதற்குள், பெயர் தெரியாத அந்த மனிதன்மீது குற்றச்சாட்டு நிறைவேற்றினார்கள். ஆகவே சட்டத்தின் பார்வையிலும் இந்த வழக்கு சாகவில்லை.

பரிசோதனை அவ்வளவு பிரமாதமான காரியமும் அன்று. 2008-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அம்பாய் என்ற ஊரில் சிறுவர்கள் மண்ணிலிருந்து ஒரு பாராசூட்டைத் தோண்டி எடுத்தபோது, கடத்தல்காரனுக்குப் போன பாராசூட்டுகளை மடித்துக் கட்டிய நிபுணர் அதைப் பார்த்து, இது பட்டுத்துணி, நான் கட்டியது நைலான் என்று சொல்லிவிட்டார், எப்.பி.ஐ.யும் அதை உடனே பகிரங்கமாக அறிவித்தது. இல்லை என்ற அந்த விடையால் இலாகாவின் மதிப்பு சிறிதும் குறையவில்லை. இன்று அந்த நிபுணர் இல்லை. ஆனால் அன்றிரவு கடத்தல்காரன் எடுத்துக்கொள்ளாமல் விட்டுச்சென்ற பாராசூட் ஒன்று வாஷிங்டன் மாநில வரலாற்றுச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வட கரோலினாவிலிருந்து வந்ததையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, தையலையும் வாரையும் கொக்கியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கண்டதை ஒப்பமிட்டு வெளியிடும்படி எப்.பி.ஐ.யைக் கேட்டுக்கொள்கிறோம்.