தரகுத் தொழிலும் தனி வழியும்

மாலை வேளையில் கொடுமுடிக் காவிரிக்கரைக்குப் போய் வருகையில் பழைய மாணாக்கர் யாரேனும் நமக்கு எதிர்ப்படுவது வழக்கம். சென்ற வாரம் எதிர்ப்பட்டவள், பதினைந்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் கணக்குப் படித்த பெண். கணவனை இழந்த பிறகு நிலமும் மனையும் கிரயம் முடித்துக் கொடுக்கும் தரகு வேலையில் இறங்கி, இரண்டு பெண் குழந்தைகளைப் படிக்க வைக்கிறாள். அன்று அவள் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டோம்.

தென்னந்தோப்பு ஒன்று வேண்டுமென்று யாரோ ஒருவர் டெலிபோனில் அழைத்தாராம். மாலை ஆறு மணிக்கு நேரே தோப்புக்கே வந்துவிடுவதாகச் சொன்னாராம். "பேரு, ஊரு கேட்டேனுங்க சார். 'நிலம் காட்டறியா, ஜாதகம் பாக்கறியா?'ன்னு சிரிச்சுப் போட்டாருங்க. நான் போகலீங்க. தரகு போச்சா, தலை தப்பிச்சுதான்னு எனக்கே தெரியலீங்க," என்றாள். சங்கதியைக் கேட்ட மாமியார், இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாராம்.

மாமியாரின் அச்சத்தை நாம் பரிகசிக்க மாட்டோம். கொங்கு நாட்டில் தோட்டந்தோறும் தனித்தனியே சாளை போட்டுக் குடியிருப்பது வழக்கம். ஒரு சாளையில் கூப்பிட்ட குரல் அடுத்த சாளைக்குக் கேளாது. 2025 மே மாதத் தொடக்கத்தில், நமக்கு அண்மையிலுள்ள சிவகிரிப் பக்கத்துத் தோட்டத்து வீடொன்றில் முதிய தம்பதியர் கொலையுண்டு கிடந்த செய்தியை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. தரகரோ பிழைப்பின் பொருட்டு, முன்பின் அறியாத ஒருவருடன் இத்தகைய இடங்களுக்கே போகவேண்டியவர்.

தோட்டங்காடுகளில் மட்டுந்தான் இந்த அபாயம் என்று எண்ணிவிடலாகாது. ஜனநெருக்கம் மிகுந்த லண்டன் நகரில், 1986 ஜூலை 28-ஆம் தேதி, வீட்டுத் தரகு நிலையமொன்றில் வேலை பார்த்த சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், ஒருவருக்கு வீடு காட்டுவதற்காகப் புறப்பட்டுச் சென்றார். அவருடைய குறிப்புப் புத்தகத்தில் 'மிஸ்டர் கிப்பர்' என்ற பெயரும், பகல் 12.45 என்ற நேரமும், வீட்டு விலாசமும் இருந்தன. அந்தக் கிப்பர் யார் என்பது இன்றளவும் துலங்கவில்லை; சூசியின் உடலும் கிடைக்கவில்லை. பெற்றோர் துயரத்தில் மூழ்கிவிடாமல், தனியே வேலை செய்வோரின் பாதுகாப்புக்கென்று அதே ஆண்டில் மகளின் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவினர்.

அமெரிக்காவில், அர்க்கன்ஸா மாகாணத்தில், 2014 செப்டம்பரில் பெவர்லி கார்ட்டர் என்ற தரகர் போகுமிடத்தைக் கணவரிடம் தெரிவித்துவிட்டே வீடு காட்டச் சென்றார். இரவாகியும் திரும்பாமையால் கணவர் தேடிப்போக, அங்கே அவருடைய மோட்டார் வண்டி மட்டும் நின்றது. சில தினங்களில் உடல் கண்டெடுக்கப்பட்டது.

இவ்விரண்டு துயரங்களிலிருந்தும் நாம் கற்கவேண்டியவை இரண்டு. பெயர் தெரிந்தால் போதாது, ஆள் தெரியவேண்டும். போகுமிடத்தைச் சொன்னால் போதாது. திரும்பும் நேரத்தையும் சொல்லவேண்டும்.

ஆகவே முதல் சந்திப்பு ஆபீஸிலோ, நாலு பேர் நடமாடும் கடைவீதியிலோதான் நடக்கவேண்டும். அங்கேயே அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் வண்டி எண்ணையும் குறித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நிலம் பார்ப்பது பகலில் இருக்கட்டும். தரகர் தம் வண்டியிலேயே போய், அதைப் பாதையை நோக்கித் திருப்பி நிறுத்தட்டும். பூட்டிய வீட்டைத் திறந்து காட்டுகையில் வந்தவரை முன்னே விட்டு, தாம் வாசற்பக்கம் நிற்பது நல்லது. நகையும் ரொக்கமும் உடன் வேண்டாம். நிலக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கலாகாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டமும் தடுத்திருக்கிறது. ஆண் தரகர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். கத்திமுனையில் மீசைக்குத் தனி மரியாதை கிடையாது.

வேலையின் நிமித்தம் ஒரு ஸ்திரீ செல்லும் இடமும் வேலைத்தலமே என்பது பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கருத்து. தோப்பில் நேர்ந்த அவமதிப்பை 'வெளியிடத்து விஷயம்' என்று எவரும் தட்டிக் கழிப்பதற்கில்லை.

இத்தனையும் தரகர் செய்யவேண்டியவை. நிலம் வாங்கப் போகும் நம் போன்ற குடும்பஸ்தர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு; அதைச் சொல்ல நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. சென்ற ஆண்டு நாம் ஒரு மனை பார்க்கப் போனபோது தரகர் நமது அடையாள அட்டையைக் கேட்டார். 'பள்ளிக்கூட வாத்தியாரையா சந்தேகிக்கிறாய்?' என்று நமக்குக் கோபம் வந்தது; அட்டையைக் காட்டாமலே திரும்பிவிட்டோம். யோக்கியர்களாகிய நாம் இப்படி முகஞ்சுளிப்பதனால்தானே, கேட்கவேண்டியவர்கள் கேட்கக் கூசுகிறார்கள்? அந்தக் கூச்சத்தில்தானே அயோக்கியனும் பெயர் சொல்லாமல் நுழைகிறான்? இனிமேல் தரகர் கேட்குமுன் நாமே பெயரையும் விலாசத்தையும் சொல்லி அட்டையை நீட்டுவோம். பொழுது சாய்ந்த பிறகு எவரையும் தோட்டத்துக்கு அழைக்கமாட்டோம்.

மறுநாள் அப்பெண்ணின் வீட்டுக்குப் போய் மாமியாரைக் கண்டோம். தொழிலை நிறுத்தினால் குழந்தைகளின் படிப்பு என்னாகும் என்பதை அவரும் அறிவார். வெகுநேரம் பேசிய பின் ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தார். மருமகள் யாருடன், எந்தத் தோட்டத்துக்குப் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது அவர் பொறுப்பு. சொன்ன நேரம் தாண்டிக் கால் மணியாகியும் தகவல் இல்லையென்றால் டெலிபோன் செய்யவேண்டும். பதில் இல்லையென்றால் 112-க்குச் சொல்லவேண்டும்.

"எனக்குக் கண்ணு மங்கலுங்க வாத்தியாரய்யா, பெரிய எழுத்தாத்தான் எழுதோணும்," என்றார் அந்த அம்மாள். மூத்த பேத்தி தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து வந்து பாட்டியின் கையில் கொடுத்தாள்.