பாட்டிக்கு எத்தனை மார்க்?

எங்கள் வீட்டுப் பெண் 140-க்கு 128 மார்க் வாங்கிவிட்டாள்! கணக்கிலோ சரித்திரத்திலோ அல்ல. அயல் நாட்டாரோடு பழகும் சாமர்த்தியத்தில்!

ஆபீஸில் கொடுத்த கேள்வித்தாள் அது. 'பண்பாட்டு நுண்ணறிவு' என்கிறார்கள். ஏர்லி, சூன் ஆங் என்ற இரு பேராசிரியர்கள் 2003-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த சூன் ஆங் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2007-ல் இதை அளக்க 20 கேள்விகளை வெளியிட்டார்கள். பிற நாட்டு வழக்கங்களை அறிதல், பழகுவதில் ஆர்வம், நடத்தையை மாற்றிக்கொள்ளுதல், தன் எண்ணத்தைத் தானே கவனித்துத் திருத்துதல் என்று நான்கு பங்கு. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை மார்க். போடுவது யார் தெரியுமா? நாமேதான்!

"உனக்கு எத்தனை பாட்டி?" என்று கேட்டாள் பெண்.

"எல்லாவற்றுக்கும் ஒன்று போடு. நான் எந்தத் தேசத்தைக் கண்டேன்?" என்றார் என் மாமியார். ஆக மொத்தம் 20!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணோடு வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவர் விருந்துக்கு வந்தார். ஜப்பானியர் குனிந்து வணங்கும் முறையை இவள் படித்து வைத்திருந்தாள். வரவேற்பு பிரமாதம்! பிறகு இலை போட்டோம். மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது அவர்கள் ஊர் மரியாதை. காலியான இலையில் பரிமாறுவது நம் ஊர் மரியாதை. அவர் காலி செய்ய, இவள் சாதம் வைக்க, மறுபடி அவர் காலி செய்ய... பாவம், மனிதருக்கு வியர்த்துவிட்டது.

சமையலறை வாசலிலிருந்து பாட்டி கூப்பிட்டார். "அடியே, அந்தப் பிள்ளை பசிக்குச் சாப்பிடவில்லை, மரியாதைக்குச் சாப்பிடுகிறது. மோரைக் கொடுத்து எழுந்திருக்கச் சொல்!"

இப்போது சொல்லுங்கள், 128 பெரிதா, 20 பெரிதா?

பேராசிரியர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியாமல் இல்லை. பிறரைக் கொண்டு மார்க் போடவைக்கும் முறையும் உண்டு. ஆனால் அந்தப் பிறர் யார்? என்னைக் கேட்டிருந்தால் நானும் என் பெண்ணுக்கு 128 கொடுத்திருப்பேன். விருந்தாளியைக் கேட்டால்? அவர் மரியாதைக்காக 140 கொடுத்திருப்பார்! அதோடு, பல தேசத்து வழக்கங்களைத் தெரிந்துகொள்வது நுண்ணறிவா, எதிரே இருப்பவரின் முகத்தைப் படிப்பது நுண்ணறிவா? இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எப்படிச் சொல்வது?

அன்றிரவு பெண் அந்தத் தாளை மறுபடி எடுத்தாள். சில ஏழுகளை அடித்து நான்கு, மூன்று என்று திருத்தினாள்.

மார்க் குறைந்துவிட்டது. எனக்கென்னவோ, புத்தி கூடியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது!