நார்மானியர் கட்டாத அரசு

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மண்டிக் கோமகன் வில்லியமே இங்கிலாந்துக்குச் சட்டத்தையும் சீரான நிர்வாகத்தையும் கொண்டுவந்தார் என்ற நம்பிக்கை பரவலாக நிலவுகிறது. அரசு என்ற அமைப்பையே வெற்றியாளரின் கொடையாகக் காட்டும் இக்கருத்துக்கு, வில்லியமின் சொந்த ஆவணங்களே எதிர்ச்சாட்சியாக நிற்கின்றன.

அவர் கைப்பற்றிய நாடு ஏற்கெனவே ஷயர் எனப்படும் மாவட்டங்களாகவும், ஒவ்வொரு ஷயரும் ஹண்ட்ரட் எனப்படும் உட்பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டிருந்தது. இரண்டு நிலையிலும் குறித்த காலங்களில் மன்றங்கள் கூடி வழக்குகளைத் தீர்த்தன. அரசரின் கட்டளை, ரிட் எனப்பட்ட முத்திரையிட்ட சிற்றாணையாக, மக்கள் பேசிய ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு ஷயர் மன்றத்துக்கு அனுப்பப்பட்டது. 975இல் இறந்த எட்கர் மன்னரின் காலம் முதல் நாடெங்கும் அரசரின் பெயர் பொறித்த ஒரே வகை வெள்ளிக் காசு வழங்கியது. அதைக் காலமுறைப்படி திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சிடும் அளவுக்கு அரசின் பிடி வலுவாக இருந்தது. நார்மண்டியின் காசோ தரத்தில் இதற்கு வெகுவாகத் தாழ்ந்தது. வில்லியம் செய்த புத்திசாலித்தனமான காரியம், இவற்றில் எதையும் கலைக்காமல் விட்டதுதான். படையெடுப்புக்கு முன் ஆண்ட எட்வர்டு மன்னர் காலத்துச் சட்ட உரிமைகள் தொடரும் என்று லண்டன் நகரத்தாருக்கு அவர் அனுப்பிய சிறிய ஆணையும் ஆங்கிலத்திலேயே உள்ளது.

நார்மானியத் திறமைக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது டூம்ஸ்டே நிலப் பதிவேடு. 1085 கிறிஸ்துமஸ் காலத்தில் குளோஸ்டரில் முடிவெடுக்கப்பட்டு, 13,000க்கும் மேற்பட்ட ஊர்களைப் பதிந்த அக்கணக்கெடுப்பின் பெரும்பகுதி அடுத்த ஆண்டிலேயே நிறைவேறியது வியப்புக்குரியதே. ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. ஹைடு என்ற அளவில் நிலத்தை மதிப்பிட்டு வரி தண்டும் முறையும், ஹண்ட்ரட் வாரியாக ஆட்களைக் கூட்டிச் சத்தியத்தின் பேரில் வாக்குமூலம் பெறும் மன்றங்களும் முன்பே இருந்தன. கேம்பிரிட்ஜ்ஷயரில் எஞ்சியுள்ள சாட்சிப் பட்டியல்களில் ஹண்ட்ரடுக்கு எட்டுப் பேர் காணப்படுகின்றனர். அவர்களில் நால்வர் ஆங்கிலேயர்.

1070களில் கென்ட் மாவட்டத்துப் பெனன்டன் புல்வெளியில் நடந்த வழக்கு இன்னும் தெளிவானது. கேன்டர்பரிப் பேராயர் லான்ஃபிராங்க், அரசரின் தம்பியான ஓடோ கைப்பற்றியிருந்த திருச்சபை நிலங்களைக் கோரினார். வாதியும் பிரதிவாதியும் வந்தேறிகள். ஆயினும் பழைய சட்டத்தை எடுத்துரைக்க, பதவி பறிக்கப்பட்டிருந்த முதியவர் எதெல்ரிக் என்ற ஆங்கில ஆயரை அரசரின் ஆணைப்படி வண்டியில் ஏற்றி அழைத்துவர வேண்டியிருந்தது.

நார்மானியர் புதிதாகச் சேர்த்தவை வேறு வகையின. கோட்டைகள், அரசரின் வேட்டைக்காக மக்களின் கையைக் கட்டிய வனச் சட்டம், இருவரைப் போரிடவிட்டு வழக்கைத் தீர்க்கும் முறை, குதிரைவீரர்களை அனுப்பும் கடமையோடு நிலம் வழங்கல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நார்மானியர் ஒருவர் கொலையுண்டு, கொலையாளி பிடிபடாவிட்டால், அந்த ஹண்ட்ரட் முழுவதும் செலுத்த வேண்டிய மர்ட்ரம் என்னும் தண்டமும் இவ்வரிசையில் சேரும். இறந்தவர் ஆங்கிலேயர் என்று நிறுவினாலன்றித் தப்ப வழியில்லை. சட்டத்தை வளர்த்த பெருமையை விட, பகைநாட்டில் குடியேறிய சிறுபான்மையின் அச்சமே இவற்றில் மேலோங்கித் தெரிகிறது.

இதனால் சாக்சன் இங்கிலாந்தைச் சுதந்திரப் பூமியாகக் கற்பனை செய்த 17ஆம் நூற்றாண்டுக் கிளர்ச்சியாளர்கள் சரியாகச் சொன்னார்கள் என்றாகிவிடாது. டூம்ஸ்டே பதிவேட்டில் மட்டும் சுமார் 28,000 அடிமைகள் எண்ணப்பட்டுள்ளனர். அந்த அரசு வலுவானதே தவிர மென்மையானதல்ல. வென்றவருக்கு அந்த வலு பெரிதும் கைகொடுத்தது. இன்ன ஆங்கிலேயரின் நிலம் இன்ன நார்மானியருக்கு என்று பெயர் சொல்லி மாற்றவும், தகராறு வந்தால் ஷயர் மன்றத்தில் தீர்க்கவும் அந்தப் பழைய ஒழுங்கே உதவியது. 1086இல் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பெருநிலக்கிழார்களுள் குறிப்பிடத்தக்க ஆங்கிலேயர் ஆர்டனின் தர்கில், லிங்கனின் கோல்ஸ்வெய்ன் ஆகிய இருவரே.